கியர்சார்ஜில் ஏறி விட்னியில் இறங்க: ஆறு நாள் நடைக்கு ஒரு திட்டம்

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்களுக்கு ஆகஸ்டில் சனி, ஞாயிறு சேர்த்து ஒன்பது நாள் விடுமுறை. பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடும் நடைபாதையின் சியரா நெவாடா மலைப்பகுதியில் ஒரு துண்டை நடந்துவிட்டு, முடிந்தால் விட்னி சிகரத்தையும் ஏறிப் பார்க்க ஆசை. நால்வரில் இருவர் சைவம். யாரும் இதுவரை இரண்டு இரவுக்கு மேல் முதுகில் கூடாரம் சுமந்து போனதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

என் பதில்: எங்கே முடிப்பீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் உள்ளே போவதற்கு அனுமதி எளிது, வெளியே வருவதற்குத்தான் கஷ்டம். அனுமதிச் சீட்டு, கார், உணவுக் கணக்கு, உடல்நிலை எல்லாமே கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால்தான் சரியாக அமையும். நான் முதல் தடவை முன்னோக்கித் திட்டம் போட்டுப் போய்ப் பாதியில் திரும்பினேன். அந்தக் கதை கீழே வரும்.

முதலில் எந்தத் துண்டு என்று முடிவு செய்வோம். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 2,650 மைல் ஓடுகிற பாதையில், ஒரு வாரத்துக்குள் அடங்கி, உயர்ந்த மலையும் வேண்டும் என்றால் நான் சொல்வது இது: இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு மேலே இருக்கும் ஆனியன் வேலியில் ஏறி, கியர்சார்ஜ் கணவாயைத் தாண்டி பசிபிக் கிரெஸ்டில் சேர்ந்து, தெற்கே நடந்து, ஃபாரஸ்டர் கணவாய் வழியாக க்ராப்ட்ரீ புல்வெளி வரை போவது. அங்கே பசிபிக் கிரெஸ்ட் தெற்கே திரும்பிப் போய்விடும். நீங்கள் ஜான் மியூர் டிரெயிலைப் பிடித்துக் கிழக்கே ஏறி, விட்னியைப் பார்த்துவிட்டு விட்னி போர்ட்டலில் இறங்கலாம். மொத்தம் ஐம்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. பசிபிக் கிரெஸ்ட் முழுவதிலும் உயரமான இடம் இந்த ஃபாரஸ்டர் கணவாய்தான், சுமார் 13,150 அடி. விட்னி 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம். பலரும் விட்னி பசிபிக் கிரெஸ்டின் மேலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இப்போது அனுமதி. கோடைக்காலத்தில் ஆனியன் வேலி வழியாக இரவு தங்கப் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 இடம். அதில் 60 சதவீதம் ஆறு மாதத்துக்கு முன்பே ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் திறக்கும், மீதி இரண்டு வாரத்துக்கு முன்பு. இதைப் பார்த்துவிட்டு ‘அறுபது இடமா, பரவாயில்லையே’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வேறு இடத்தில் நுழைந்து விட்னி போர்ட்டல் பக்கம் இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. விட்னிக்குப் பக்கத்தில் மலைமுகட்டைத் தாண்டும் இடத்துக்கு டிரெயில் கிரெஸ்ட் என்று பெயர். அதைக் கடந்து கிழக்கே இறங்க ஒரு நாளைக்கு 25 பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் நான்கு பேர். அந்த இருபத்தைந்தில் நான்கு இடம் சேர்ந்தாற்போலக் கிடைக்க வேண்டும். அதனால்தான் சொன்னேன், கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள் என்று.

ஆகஸ்ட் 10 அன்று புறப்படுவதானால் பிப்ரவரி 10 காலை ஏழு மணிக்கு நான்கு பேரில் இரண்டு பேராவது கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். தளத்தில் பயனர் கணக்கு, நான்கு பேரின் பெயர், வெளியேறும் இடம் எல்லாவற்றையும் முந்தின நாளே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தத்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. வெள்ளி, சனியை விட்டுவிட்டு ஞாயிறு, திங்களில் புறப்படும்படி வைத்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிப்ரவரியில் நடக்கிற விட்னி குலுக்கலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது விட்னி போர்ட்டலிலிருந்தே ஏறுகிறவர்களுக்கு.

டிரெயில் கிரெஸ்ட் கிடைக்கவே இல்லையென்றால்? மனம் தளர வேண்டியதில்லை. க்ராப்ட்ரீயிலிருந்து பசிபிக் கிரெஸ்டிலேயே தெற்கே ஏறக்குறைய இருபது மைல் நடந்து காட்டன்வுட் கணவாய் வழியாக ஹார்ஸ்ஷூ மெடோவில் இறங்கலாம். ராக் கிரீக், சிக்கன் ஸ்பிரிங் ஏரி என்று அந்தப் பாதையும் அழகு, கூட்டமும் குறைவு. உண்மையைச் சொன்னால் அதுதான் பசிபிக் கிரெஸ்ட். விட்னியைத் தொட்டாக வேண்டும் என்ற வீம்பு இல்லாதவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். ஆனால் உங்கள் கேள்வியில் விட்னி இருக்கிறது, அதனால் மேலே போகிறேன்.

இப்போது என் கதை. முதல் தடவை நானும் ஒரு நண்பரும் மட்டும். வெள்ளிக்கிழமை இரவு சான் ஹோசேயில் கடல் மட்டத்தில் தூங்கினோம். சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி, டயோகா கணவாய் வழியாக வந்து, விட்னி போர்ட்டலில் காரை விட்டுவிட்டு, வாடகை வண்டியில் ஆனியன் வேலிக்கு வந்து சேரும்போது மதியம் மூன்று. அன்றே கியர்சார்ஜ் கணவாயைத் தாண்டிவிட்டோம், 11,760 அடி. என்ன வேகம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். ஏரிக்கரையில் கூடாரம் போட்டதும் நண்பருக்குத் தலைவலி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, காலையில் காபியை வாயில் வைத்ததும் வாந்தி. மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் கீழே விடெட் புல்வெளிக்கு இறங்கினோம். 9,500 அடிக்கு வந்ததும் முகம் தெளிந்தது. ஆனால் அடுத்த நாள் ஃபாரஸ்டர். அங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் வந்த வழியே திரும்பினோம். அப்புறம்தான் உறைத்தது, கார் விட்னி போர்ட்டலில் நிற்கிறது. ஆனியன் வேலியில் ஒரு புண்ணியவான் ஏற்றிக்கொண்டு இண்டிபெண்டன்ஸில் விட்டார், அங்கிருந்து இன்னொருவர் லோன் பைன் வரை, பிறகு மூன்றாவது ஆள். கார் கைக்கு வரும்போது இருட்டிவிட்டது.

திரும்பியது சரியான முடிவு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வரைபடத்தைப் பார்த்தால் இது தெரியாது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழே இறங்கு என்பதுதான் ஒரே வைத்தியம். ஆனால் ஃபாரஸ்டரைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டால் நீங்கள் நிற்பது கெர்ன் நதியின் மேல்படுகை. அகலமான, 11,000 அடி உயரத்தில் கிடக்கிற மேட்டு நிலம். அங்கே ‘கீழே’ என்றால் கெர்ன் பள்ளத்தாக்கு, அதாவது ஊரை விட்டு இன்னும் உள்ளே. வெளியே வர நினைத்தால் மறுபடியும் ஃபாரஸ்டர் ஏற வேண்டும், இல்லையென்றால் 12,000 அடி ஷெப்பர்ட் கணவாயைக் கடந்து ஆறாயிரம் அடி செங்குத்தாக இறங்க வேண்டும், இல்லையென்றால் விட்னியையே தாண்ட வேண்டும். எந்த வழியானாலும் முதலில் ஏற்றம்தான். ஆகவே உடம்பு சரியில்லை என்றால் ‘இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்’ என்று சொல்லக்கூடிய கடைசி இடம் ஃபாரஸ்டருக்கு வடக்கே. அந்த இரவு நால்வரும் உட்கார்ந்து ஒவ்வொருவராக, தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிந்ததா, தூங்கினீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் கூட்டத்துக்காக ‘ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். அதை நம்ப வேண்டாம், தட்டில் மீதி இருக்கும் சாப்பாட்டைப் பாருங்கள்.

இரண்டாம் தடவை நான் நடந்த திட்டத்தையே உங்களுக்கும் தருகிறேன். இதில் கவனிக்க வேண்டியது ஒவ்வொரு நாளும் எத்தனை மைல் என்பதை அல்ல, எத்தனை அடியில் தூங்குகிறோம் என்பதை. பத்தாயிரம் அடிக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான விதி. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பெரிதில்லை.

நடக்கத் தொடங்குவதற்கு முந்தின இரவு ஆனியன் வேலியில் உள்ள முகாமிலேயே தங்குங்கள். 9,200 அடி. காரிலேயே அந்த உயரத்துக்குப் போய்விடலாம், செலவில்லாத பழக்கம். முடிந்தால் அதற்கும் முந்தின இரவு மாமத் லேக்ஸ் போன்ற எட்டாயிரம் அடி ஊரில் தங்கினால் இன்னும் நல்லது. முதல் நாள் கியர்சார்ஜ் கணவாய் தாண்டி கியர்சார்ஜ் ஏரிகள், 10,900 அடி, சுமார் ஆறு மைல். இங்கே ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பக்கத்தில் அழகாக இருக்கிற புல்ஃபிராக் ஏரியில் கூடாரமே போடக் கூடாது, பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டாம் நாள் விடெட் புல்வெளிக்கு இறங்கி, பப்ஸ் ஓடையை ஒட்டி மறுபடி ஏறி, சென்டர் பேஸின் பாதை பிரியும் இடத்துக்கு அருகே, 10,500 அடியில் தங்கல். இதுதான் நான் சொன்ன முடிவெடுக்கும் இரவு. மூன்றாம் நாள் ஃபாரஸ்டர் தாண்டி டிண்டல் ஓடை, பத்து மைல், மறுபடி 10,900 அடி. நான்காம் நாள் க்ராப்ட்ரீ, ஒன்பது மைல். ஐந்தாம் நாள் அரை நாள் மட்டும் நடந்து கிட்டார் ஏரி, 11,500 அடி. ஆறாம் நாள் விட்னி ஏறி போர்ட்டலுக்கு இறக்கம். பதினைந்து மைலுக்கு மேல் வரும், முழங்கால் கெஞ்சும். முடியாவிட்டால் நடுவில் 12,000 அடியில் டிரெயில் கேம்ப் இருக்கிறது. ஒரு நாள் கையிருப்பாக வைத்து ஏழு நாளுக்கு உணவு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாரஸ்டரைப் பற்றிக் கொஞ்சம். வடக்கிலிருந்து போகும்போது மரம் முடிந்து, புல் முடிந்து, வெறும் கல்லும் சின்னச் சின்ன ஏரியுமாக மாறும். கடைசி ஒரு மணி நேரம் மூச்சை எண்ணிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். உச்சி என்று பார்த்தால் பத்துப் பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஓர் இடுக்கு, அவ்வளவுதான். ஒரு பலகை. பாறை வெடிப்பில் ஸ்கை பைலட் என்ற நீலப்பூ கொத்துக் கொத்தாக நிற்கும், வேறு எதுவுமே வளராத இடத்தில். தெற்கே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். அந்தப் பக்கம் சுவர். சுவரில் கல்லை வெட்டிப் பாதை செதுக்கியிருக்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் இந்தப் பாதையைப் போட்டபோது ஓர் இளம் தொழிலாளி பாறை விழுந்து இறந்தார், அவர் நினைவாக அங்கே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். இறங்கும்போது பயம் போய்விடும். பாதை அகலமானது, வளைந்து வளைந்து நிதானமாக இறங்குகிறது. ஒரே ஓர் இடத்தில் செங்குத்தான பனி நாக்கைக் குறுக்கே கடக்க வேண்டும். சாதாரண ஆண்டில் ஆகஸ்டில் அங்கே பனி இருக்காது. 2023 மாதிரி பனி கொட்டித் தீர்த்த ஆண்டென்றால் ஆகஸ்டிலும் விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏப்ரல் முதல் தேதி சியராவின் பனி அளவு எவ்வளவு என்று கலிஃபோர்னிய அரசு வெளியிடும். சராசரியைவிட மிக அதிகம் என்றால் பயணத்தை மாதக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எந்த ஆண்டானாலும் ஃபாரஸ்டரையும் விட்னியையும் மதியத்துக்கு முன் கடந்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாள்களில் காலை பத்து மணிக்கு வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும், இரண்டு மணிக்கு இடி. விட்னி உச்சியில் ஒரு கல் குடிசை இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1909-இல் வானியல் ஆய்வுக்காகக் கட்டியது. மேலே தகரக் கூரை. இடிக்கும்போது அதற்குள் ஒதுங்கத்தான் தோன்றும், ஒதுங்கவே கூடாது. மின்னல் தாக்கி அதற்குள்ளேயே ஆள் இறந்திருக்கிறார். கிட்டார் ஏரியிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினால் எட்டு மணிக்கு உச்சியில் இருக்கலாம்.

விட்னி என்றதும் ஒரு சின்னச் சமாதானம். 1871-இல் கிளாரன்ஸ் கிங் என்ற புவியியலாளர் இந்தச் சிகரத்துக்கு ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவர் ஏறியது பக்கத்தில் இருக்கிற லாங்லி. அது தெரியவந்து அவர் மறுபடி ஏற வருவதற்குள் 1873-இல் லோன் பைன் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் மூன்று பேர் உண்மையான உச்சிக்குப் போய் வந்துவிட்டார்கள். பெயர் வைத்த குழுவிலேயே இருந்தவருக்கே மலை மாறிப்போனது. ஆகவே போனில் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடம் ஒன்றும் யாராவது ஒருவர் பையில் இருக்கட்டும். கணவாய்க்கு அந்தப் பக்கம் செல்போன் சிக்னல் கிடையாது. கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்றை நான்கு பேரும் சேர்ந்து வாடகைக்காவது எடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. சைவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை, கவலை வேறு இடத்தில் இருக்கிறது: கரடி டப்பா. இந்தப் பகுதியில் உணவை, கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைத்துத்தான் கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். பெரிய அளவு டப்பா சுமார் பதினொன்றரை லிட்டர் பிடிக்கும், வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல் கனம். ஆளுக்கொன்று. பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு என்று வாசனை உள்ள எல்லாமும் அதற்குள்தான் போக வேண்டும். எடையைவிட இடம்தான் இங்கே சிக்கல். ஊரிலிருந்து வந்த முறுக்கை ஆசையாக எடுத்துப் போட்டால் ஓட்டை ஓட்டையாக டப்பா நிரம்பிவிடும், உள்ளே பாதி காற்று. என்னுடைய வழி, முறுக்கையும் காராசேவையும் ஜிப் பையில் போட்டு உள்ளங்கையால் நொறுக்கிவிடுவது. நொறுக்கிய முறுக்கு சூப்பில் போட நன்றாகவே இருக்கிறது.

அரிசியும் பருப்பும் எடுத்துப் போகாதீர்கள். பதினோராயிரம் அடியில் தண்ணீர் 89 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் வேகாது. துவரம்பருப்பை ஒரு மணி நேரம் வேகவைத்து எரிவாயு தீர்ந்து, பல்லில் கடிபடக் கடிபடச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அவல்தான் இதற்குத் தெய்வம். சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. வீட்டிலேயே நன்றாக எண்ணெய் பிரியக் காய்ச்சிய புளிக்காய்ச்சலைச் சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் எடுத்துக்கொண்டால் புளி அவல். வறுத்த ரவையில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து ஆறவைத்துப் பொட்டலம் கட்டினால் உப்புமா. பருப்புப்பொடியும் நெய்யும் ஒரு கலோரிக் களஞ்சியம். நெய்ப் புட்டியை மட்டும் இரண்டு ஜிப் பைக்குள் போடுங்கள். காலைக்குச் சத்துமாவுக் கஞ்சி, நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சை, பாதாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 650 முதல் 700 கிராம் என்று கணக்கு வையுங்கள். முதல் இரண்டு நாள் உயரத்தில் பசிக்காது, வாய்க்குப் பிடித்தது இல்லையென்றால் சாப்பிடாமலே நடந்து களைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடையில் விற்கும் உலர் பொட்டலங்களை மட்டுமே நம்பாமல் வீட்டு ருசி கொஞ்சம் வேண்டும் என்கிறேன்.

விறகுத் தீ மூட்டும் எண்ணமே வேண்டாம். நடை தொடங்கியபின் நீங்கள் தூங்கும் எல்லா இடமும் பத்தாயிரம் அடிக்கு மேல், அங்கே தடை. சின்ன எரிவாயு அடுப்பு போதும். அதற்கும் கலிஃபோர்னியாவின் கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை.

தண்ணீர் எங்கும் ஓடுகிறது, ஆனால் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். ஒரே ஒரு வறண்ட இடம், கிட்டார் ஏரிக்கு மேலே உள்ள குட்டைகளை விட்டால் விட்னி ஏறி டிரெயில் கேம்ப் இறங்கும் வரை நம்ப ஒன்றுமில்லை. அன்று ஆளுக்கு மூன்று லிட்டர்.

கழிப்பறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கக் கூச்சப்படுவதால். ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் இருநூறு அடி தள்ளிப் போய், ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழக் குழி தோண்டி, மூடிவிட வேண்டும். காகிதத்தைப் புதைக்கக் கூடாது, சுருட்டி எடுத்து வர வேண்டும். நம்மைப் போலத் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தச் சுமை குறைவு, ஒரு புட்டியில் மூடியில் துளை போட்டு எடுத்துப் போனால் போதும். ஆனால் விட்னியை ஒட்டிய பகுதியில் குழியும் கிடையாது. கொடுக்கிற பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். பையை வாங்கிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.

உடைகளில் நான் பிடிவாதம் பிடிப்பது இரண்டே பொருளுக்கு. மைனஸ் ஏழு டிகிரி செல்சியஸ் தாங்கும் தூக்கப்பை ஒன்று, ஆகஸ்டிலும் கிட்டார் ஏரியில் காலையில் புட்டித் தண்ணீர் மேல் பனித்தகடு கட்டியிருக்கும். இன்னொன்று ஏற்கெனவே நூறு மைல் நடந்து பழகிய காலணி. புதிதாக வாங்கிய பூட்ஸோடு வராதீர்கள். உணவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து முதல் நாள் பை பதினான்கு கிலோவுக்குள் இருக்கப் பாருங்கள்.

பயிற்சிக்கு உங்கள் வீட்டு வாசலிலேயே மிஷன் பீக் இருக்கிறது. இந்தியக் கடையில் வாங்கும் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள், மே மாதத்திலிருந்து. ஏறுவதைவிட அந்தக் கனத்தோடு இறங்குவதுதான் பயிற்சி. ஒன்று நினைவிருக்கட்டும், மிஷன் பீக் நுரையீரலுக்கும் காலுக்கும் உதவும், உயரத்துக்கு உதவாது. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும் தலைவலி வரும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அதனால் மருத்துவரிடம் கேட்டு, வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருட்டானாலும் இறங்க வேண்டும், உதவிக்கும் செய்தி அனுப்ப வேண்டும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் பாதிக்கு மேல் எங்காவது காடு எரியும். 2020-இலும் 2021-இலும் கலிஃபோர்னியாவின் தேசியக் காடுகளையே முழுவதுமாக மூடிவிட்டார்கள், அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். போகும் வாரம் காற்றுத் தரத்தைப் பாருங்கள். மிக மோசமென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கார். இரண்டு கார் கொண்டு வந்து, ஒன்றை விட்னி போர்ட்டலில் விட்டுவிட்டு, இன்னொன்றில் எல்லோரும் ஆனியன் வேலி போவதுதான் நல்லது. லோன் பைனிலிருந்து போர்ட்டல் பதின்மூன்று மைல், இண்டிபெண்டன்ஸிலிருந்து ஆனியன் வேலி பதின்மூன்று மைல், இரண்டு ஊருக்கும் நடுவே 395-ஆம் நெடுஞ்சாலையில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் மன்சனார் வரும். இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த முகாம். காரை விட்டுவிட்டு வரும் அந்த மதியம் உங்களுக்கு வேறு வேலை இல்லை, இறங்கி ஒரு மணி நேரம் சுற்றிப் பாருங்கள். அங்கே நின்று மேற்கே நிமிர்ந்தால், மறுநாள் நீங்கள் ஏறப்போகும் மலைச்சுவர் முழுக்கத் தெரியும். முள்வேலிக்குள்ளிருந்து மூன்று வருடம் அதையேதான் அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போர்ட்டலில் காரை விடும்போது உள்ளே ஒரு கடலைப் பருப்புகூட இருக்கக் கூடாது. அங்கே கரடிகள் கார்க் கதவை மடித்துத் திறக்கும். குழந்தை இருக்கையின் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூள், சூயிங் கம், கைக்குப் பூசும் களிம்பு எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். வாகன நிறுத்தத்தில் இரும்புப் பெட்டிகள் இருக்கும். இறங்கி வரும் நாளுக்காக உப்பு பிஸ்கட்டும் இரண்டு ஜூஸ் புட்டியும் வைத்துவிட்டுப் போகலாம். பை மேலே உங்கள் பெயரையும் திரும்பி வரும் தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தேதி எழுதாவிட்டால் குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுவார்கள்.